சங்கு நேரம்

அத்தியாயம் 14

சின்னவன் தன் அக்காவோடு பேசி அன்றோடு இருபத்திரண்டு நாள். நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாயா என்று யாராவது கேட்டால், எனக்கு வேறு வேலை இல்லையா என்பான். வேறு வேலையும் இருந்தது, எண்ணிக்கொண்டும் இருந்தான்.

சண்டைக்குக் காரணம் சொத்தும் இல்லை, சோறும் இல்லை. வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் சுவர்க் கடிகாரம்.

அந்த ஊர்க் கடிகாரங்களைப் பற்றி முதல் வாரமே சொன்னது சிலருக்கு மறந்திருக்கும். இன்றைய கூத்து முழுக்க அதைச் சுற்றித்தான் என்பதால் இன்னொரு தரம் சொல்லிவிடலாம். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் வார்ப்பாலை நன்றாக ஓடிய காலத்தில் ஆறாயிரம் பேர் ஒரே கேட் வழியாக உள்ளே போக வேண்டும். எப்படி முட்டி மோதினாலும் கடைசி ஆள் நுழைய ஏழு நிமிடம் பிடிக்கும். முதல் மேனேஜர் பார்த்தார். ஆலையின் மின்சாரச் சங்கை ஏழு நிமிடம் முன்னாலேயே ஊதச் சொல்லிவிட்டார். சங்கு ஊதினால் மணி எட்டு, அவ்வளவுதான். ஊரே அதை வைத்துக் கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டது. பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, சினிமாக் கொட்டகை, சலூன் எல்லாமே சங்கு நேரம். வெளியூர்க்காரர்கள் மட்டும் எல்லா பஸ்ஸையும் தவறவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டு வருடம் முன்னால் வார்ப்பாலை மூடியது. கேட்டில் சங்கிலி விழுந்தது. ஆறு பஸ் வந்த ஊருக்கு ஒன்று வந்தது. கொட்டகை பிளாஸ்டிக் சாமான் கோடவுன் ஆனது. தெருவுக்கு நாலு வீட்டில் 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கி, மழையில் அந்த எழுத்தும் அழிந்தது. ஆனால் கடிகாரத்தை மட்டும் யாரும் தொடவில்லை. சங்கே ஊதாத ஊரில் எல்லோரும் ஏழு நிமிடம் முன்னாலேயே எழுந்து, ஏழு நிமிடம் முன்னாலேயே சாப்பிட்டு, ஏழு நிமிடம் முன்னாலேயே சும்மா உட்கார்ந்தார்கள். செல்போன் வந்த பிறகும் அதில் காட்டும் மணியோடு ஏழைக் கூட்டிக்கொள்ள அங்கே குழந்தைக்கும் தெரியும்.

அந்தச் சங்கை முப்பத்தொரு வருடம் ஊதியவர் சின்னவனின் அப்பா. ஊரில் அவருக்குப் பெயரே 'சங்கு'தான்.

அக்கா பதினைந்து வருடம் வெளியூர்ப் பட்டறைகளில் உலை பார்த்துவிட்டு, மூடிக்கிடந்த வார்ப்பாலையை மறுபடி மூட்டுகிறேன் என்று ஆறு மாதம் முன்னால் வந்து இறங்கியவள். வந்ததிலிருந்து கூடத்துக் கடிகாரம் அவள் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் நாற்காலி போட்டு ஏறிச் சரியான மணிக்குத் திருப்பிவிட்டாள்.

"அப்ப முப்பத்தொரு வருஷமா நான் தப்பாவா ஊதினேன்?" என்று அப்பா தட்டைத் தள்ளினார்.

சின்னவன் அப்பாவுக்குப் பரிந்து பேசப் போனான். போனவன் அதோடு நின்றிருக்கலாம். "உன் வார்ப்பாலைக்கு எப்பவோ சங்கு ஊதியாச்சு. நீ இன்னும் பொணத்துக்கு வைத்தியம் பாத்துட்டிருக்கே" என்று ஒரு வார்த்தை விட்டான்.

அக்கா சளைத்தவளா? "கேட்டுக்குள்ள நீ இருந்ததே மூணு மாசம். உனக்கு என்னடா தெரியும்?"

அது உண்மை. அதனால்தான் சுட்டது. வார்ப்பாலையின் மின்பிரிவில் கடைசியாகச் சேர்ந்த ஆள் அவன். சேர்ந்த மூன்றாம் மாதம் கேட் மூடியது. பிறகு அலைந்து திரிந்து, ஊருக்கு வெளியே இருக்கும் மின் நிலையத்தில் ஆபரேட்டரானான். சண்டைக்கு மறுநாள் காலையிலேயே, அந்தக் கோபம் ஆறுவதற்குள், எங்காவது தூரமாகப் போட்டுவிடுங்கள் என்று மாற்றல் கேட்டு எழுதிப் போட்டுவிட்டான்.

சாதாரணமாக மூன்று வருடம் இழுக்கும் ஆபீஸ், கோபத்தில் கேட்டவனுக்கு மூன்றே வாரத்தில் கொடுத்துவிட்டது. இன்று காலை தபாலில் உத்தரவு வந்தது. நானூறு கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊர். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு இன்று மாலை ஐந்து மணிக்குப் போகும் ஆபீஸ் தபாலில் அனுப்ப வேண்டும். பெண்டாட்டியிடம்கூட இன்னும் சொல்லவில்லை. கவரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்தான்.

எதிரே பேனலில் நாலாம் நம்பர் மீட்டர். பன்னிரண்டு வருடம் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்த முள் அது. இன்று எழுந்து நின்றுகொண்டிருந்தது.

வார்ப்பாலைக்குப் போகும் லைன் அது. பம்பு செய்யும் ஒரு பெரிய கம்பெனி, மாதிரிக்கு ஒரு பம்பு உடலை ஒழுங்காக வார்த்துக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருந்தது. பழைய கரி உலையில் உருக்கி ஊற்றிய முதல் வார்ப்பில் ஓட்டை. போன வாரம் நாம் பார்த்த இரண்டாவது வார்ப்பில் விரிசல். இன்று மூன்றாவது, மின்சார உலையில்; அதுவே கடைசி. இதுவும் போனால் கம்பெனி வேறு ஊர் பார்த்துக்கொள்ளும், ஷெட்டைக் கோடவுனுக்குக் கொடுத்துவிடுவார்கள். உலைக்கு வேண்டிய மின்சாரத்தை இன்று ஒரு நாள், காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை தர மேலிடத்தில் அனுமதித்திருந்தார்கள். இரண்டு மணிக்கு அந்த லைனை நிறுத்த வேண்டியது சின்னவனின் வேலை.

"ஏறியிருக்கு பாத்தீங்களா தம்பி!" என்றார் லைன்மேன். வாயை மூடத் தெரியாதவர் என்பதால் அவரை எல்லோரும் ரேடியோ என்பார்கள். "இந்த முள்ளு எந்திரிச்சு நான் பாத்ததே இல்ல."

"வேலையைப் பாருங்கண்ணே."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். காலைல உங்க பேருக்கு ஒரு கவர் வந்துச்சே, அது என்ன?"

சின்னவன் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டான். அப்போதுதான் வெளியே கேட்டில் சைக்கிள் விழும் சத்தம் கேட்டது.

அப்பா. உச்சி வெயிலில் வார்ப்பாலையிலிருந்து மிதித்து வந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணி குடிங்க முதல்ல."

"தண்ணி கிடக்கட்டும். மணி என்ன?"

சின்னவன் சுவரைப் பார்த்தான். "ஒண்ணு நாப்பது."

"நிஜ மணி?"

அப்பா வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வியை அவன் கேட்டதே இல்லை.

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "காலைல உலையைக் குளிர வைக்கற தண்ணிக் குழாய் பிச்சுக்கிச்சு. மாத்தறதுக்குள்ள நாப்பது நிமிஷம் போயிடுச்சு. இப்பத்தான் இரும்பு பதத்துக்கு வருது. உங்கக்கா கணக்குல, ஊத்தி முடிக்கும்போது ரெண்டு மணிக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கும். ஆனா அவ கணக்கு போன் கணக்கு. நீ இதைப் பாத்துத்தானே நிறுத்துவே?"

இது என்றால் சுவர்க் கடிகாரம். அந்த மின் நிலையமே வார்ப்பாலை கட்டிக்கொடுத்தது. கடிகாரமும் அவர்கள் மாட்டியதுதான். லாக் புக்கில் எழுதுவது, ஷிப்டு மாறுவது, லைனைப் போடுவது, நிறுத்துவது எல்லாம் அதைப் பார்த்துத்தான். இந்த ஊர் ஆட்கள் எதையும் கொஞ்சம் முந்தியே முடித்துவிடுவார்கள் என்று மேலிடத்தில் அவர்களுக்கு நல்ல பெயர்கூட உண்டு.

"அஞ்சு நிமிஷம் துண்டு விழுது" என்றார் அப்பா.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"கொஞ்ச நேரம் முன்னால நான் சொல்லித்தான் தெரியும். அவளுக்கு அது தோணவே இல்ல. முகம் செத்துப் போச்சு."

"ஏன், அவளுக்குக் கை இல்லையா? ஒரு போன் பண்றது?"

"ரெண்டு தடவை நம்பரை அழுத்தினா. ரெண்டு தடவையும் வெச்சிட்டா. அவ மட்டும் யாரு, நான் பெத்ததுதானே?"

ரேடியோ நடுவில் வந்தார். "கரண்ட் நடுவுல போனா என்னதான் ஆகும்?"

அதற்குச் சின்னவன்தான் பதில் சொன்னான். "உலையைச் சாய்க்க கரண்ட் வேணும். உருகின இரும்பைப் பிடிக்கற கொப்பரையைத் தூக்கற கிரேனுக்கும் கரண்ட் வேணும். பாதில போனா எட்டு டன் இரும்பு உலைக்குள்ளயே உறைஞ்சிடும். அப்புறம் உலையை உடைச்சுத்தான் எடுக்கணும்."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். அவன் மனதில் அப்போது ஓடியதை மறைப்பானேன்? அவன் ஒரு தப்பும் செய்ய வேண்டாம். வழக்கம்போலச் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு அடித்ததும் ஒரு சுவிட்சைத் திருப்பினால், இருபத்திரண்டு நாள் சண்டையில் அவன் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். திங்கட்கிழமை நிம்மதியாகப் பெட்டி கட்டலாம்.

"அப்பா, இந்த ரூம்ல ரெண்டுன்னா அந்தக் கடிகாரத்துல ரெண்டு. பன்னிரண்டு வருஷமா அப்படித்தான் எழுதறோம். நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?"

"அனுமதிக் காகிதத்துல ரெண்டுன்னு போட்டவன் எந்த ஊர்ல உக்காந்து போட்டான்? நம்ம சங்கைக் கேட்டுட்டா போட்டான்?"

சின்னவன் விடவில்லை. "அன்னிக்கு வீட்ல என்ன சொன்னீங்க? என் சங்கு தப்பான்னு தட்டைத் தள்ளினீங்க இல்ல? உங்களுக்காகப் பேசப் போய்த்தானே நான் இன்னிக்கு..." கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. அடக்கிக்கொண்டான்.

அப்பா மெதுவாகச் சொன்னார்.

"முப்பத்தொரு வருஷம் ஒரு நாள் தப்பல, ஒரு நிமிஷம் தப்பலன்னு மார் தட்டிட்டுத் திரிஞ்சேன். தினமும் ஏழு நிமிஷம் தப்பு. தெரிஞ்சேதான் ஊதினேன். அன்னிக்கு ஆறாயிரம் பேர் உள்ள போகணும், அதுக்கு அது சரி. இன்னிக்கு உள்ள இருக்கறது பதினெட்டு பேரு. அவங்களுக்கு அது எமன். உங்கக்கா சொன்னது சரிடா. நான்தான் ஒத்துக்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஸ்டூலை இப்படி இழு" என்றார்.

சின்னவன் அசையவில்லை. ரேடியோதான் இழுத்துப் போட்டார். அறுபத்தெட்டு வயது மனுஷன், சுவரைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். ஸ்டூல் ஒரு பக்கம் சாய்ந்தது.

சின்னவன் எழுந்து ஓடிப்போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். பிடித்த பிறகுதான், தான் எந்தப் பக்கம் சேர்ந்துவிட்டோம் என்பதே அவனுக்குப் புரிந்தது. புரிந்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது.

"நிஜ மணி சொல்லுடா."

பேனலின் மூலையில் மேலிடத்துக்காரர்கள் வைத்த சின்னத் திரையில் சரியான நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் யாரும் அதை மதித்ததில்லை. "ஒண்ணு நாப்பத்தொண்ணு."

அப்பா முள்ளைப் பின்னுக்குத் தள்ளினார். "கை நடுங்குதுன்னு நினைக்காதே. முள்ளு இறுக்கம்" என்றார்.

சின்னவன் லாக் புக்கைத் திறந்து எழுதினான்: 'சுவர்க் கடிகாரம் ஏழு நிமிடம் வேகமாக இருந்தது. சரியான நேரத்துக்குத் திருத்தப்பட்டது.' கீழே தன் கையெழுத்தையும் போட்டான். கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

பிறகு மூன்று பேரும் மீட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள்.

மணி ஒன்று ஐம்பத்துமூன்று. பழைய கணக்கில் இரண்டு. முள் அப்படியே நின்றது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

ஒன்று ஐம்பத்துநாலு. முள் சடாரென்று விழுந்தது. விழுந்து, பூஜ்யத்துக்கு ஒரு மயிரிழை மேலே கிடந்தது.

"போச்சு!" ரேடியோ தலையில் கை வைத்துக்கொண்டார். "புட்டுக்கிச்சு. உலை நின்னுடுச்சு."

அப்பா முகம் வெளுத்துவிட்டது. சின்னவன் மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"சும்மா இருங்கண்ணே. நிக்கல. சூடு போதும்னு அவங்களே நிறுத்தியிருக்காங்க. இப்ப பாருங்க."

முள் லேசாக நடுங்கியது.

"உலை சாயுது. சாய்க்கற மோட்டார் அது. இரும்பு கொப்பரைக்கு இறங்குது."

நடுக்கம் நின்றது. அப்பா அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிடம் ஒன்றுமே இல்லை. பிறகு முள் ஒரு குதி குதித்து இறங்கியது.

"கிரேன். கொப்பரையைத் தூக்கிட்டாங்க. இதோ, நகருது. நின்னுடுச்சு. அச்சுக்கு நேரா நிக்குது. இப்ப ஊத்தறாங்கப்பா."

"மயிரிழை அளவு ஆடற முள்ளுல உனக்கு எப்படிடா இதெல்லாம் தெரியுது?"

"மூணு மாசமும் என்னை மீட்டர் முன்னாலதான் உக்கார வெச்சிருந்தாங்க. வேற என்ன வேலை?" சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று மாதத்தில் ஒரு மனிதன் கற்றுக்கொண்டது பன்னிரண்டு வருடம் அவனுக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

ஒன்று ஐம்பத்தெட்டு. முள் இன்னொரு குதி குதித்தது. "கொப்பரை திரும்புது. காலி கொப்பரை. பாருங்க, லேசாத் தூக்குது." அவன் மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டான். "ஊத்தி முடிச்சிட்டாப்பா அக்கா!"

ரேடியோ அப்பாவைக் கட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து முள் மறுபடி எழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, நிதானமாக ஏறியது. சின்னவன் புருவத்தைச் சுருக்கினான். "இது என்னன்னு தெரியலையே. உலையும் இல்ல, கிரேனும் இல்ல..."

தெரிவதற்கு முன்னால் கேட்டது.

முதலில் அடிவயிற்றிலிருந்து வருவது போல ஒரு முனகல். பிறகு அது ஏறியது, ஏறி, ஊர் முழுவதையும் மூடிக்கொண்டு நின்றது. சங்கு. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "சங்கு மோட்டார் எரிஞ்சு போய்க் கிடந்ததே! யாரு சரி பண்ணினா? எனக்குத் தெரியாம யாரு..." வயசான மனுஷன் வெட்கப்படாமல் அழுதார்.

ரேடியோ வாசலுக்கு ஓடினார். "தம்பி, ரோட்டுல வந்து பாருங்க! பஸ்ஸு அப்படியே நிக்குது! ஜனமெல்லாம் வெளிய வந்து நிக்குது!"

மணி இரண்டாக இருபது விநாடி. சின்னவன் கை சுவிட்சில் இருந்தது. திருப்பினால் சங்கு நின்றுவிடும்.

"அப்பா, இன்னும் ஊதிட்டிருக்கு."

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். தன் கையால் திருத்திய கடிகாரம். "ரெண்டுன்னா ரெண்டு. நிறுத்துடா."

சின்னவன் திருப்பினான். முள் படுத்தது. சங்கு உடனே நிற்கவில்லை. இறங்கி இறங்கி, மனசில்லாமல் அடங்கியது. அது அடங்கிய இடத்தில் ஊர்ப் பக்கமிருந்து வேறொரு இரைச்சல் கிளம்பியது. பஸ் ஹாரன், லாரி ஹாரன், விசில், கைதட்டல். ஓடிப்போன ஊர் ஒன்று திரும்பி வந்தது போல இருந்தது.

மேஜைப் போன் அடித்தது. மேலிடத்துக் கண்ட்ரோல் ரூம். "என்னய்யா, இன்னிக்குக் கரெக்டா ரெண்டுக்கு நிறுத்தியிருக்கீங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இனிமே அப்படித்தான் சார்" என்றான் சின்னவன்.

அடுத்த போன் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. எடுத்தான். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. யார் மூச்சு என்று அவனுக்குத் தெரியும்.

"சொல்லுக்கா."

"வெச்சிடாதே."

"வெக்கல. சொல்லு."

"அதே இரும்புல ஒரு துண்டு தனியா வார்த்தோம். கம்பெனி ஆளு சம்மட்டியால நாலு அடி போட்டாரு. வளைஞ்சுதுடா! உடையல!" அக்கா குரல் உடைந்தது. "பம்பு உடலை மணல் அச்சுலேர்ந்து எடுக்க ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் காத்திருக்க வேணாம், வேலைக்கு ஆளைக் கூப்பிடுங்கன்னு சொல்லிட்டாரு. கரண்டுக்குக் கம்பெனியே மேலிடத்துல பேசுது, நாளைக்கே இன்னொண்ணு ஊத்தணும். திங்கட்கிழமை கேட் திறக்குது. முதல்ல அறுபது பேர்."

திங்கட்கிழமை. சின்னவன் கை சட்டைப் பையைத் தொட்டது.

"அப்பா அங்கதானே இருக்காரு? சங்கு அவர் கையால ஊதட்டும்னுதான் ரகசியமா சரி பண்ணி வெச்சிருந்தேன். அவர் அங்க ஓடி வந்துட்டாரு. நானே ஊதிட்டேன். நேரம் சரியா இருந்துச்சான்னு கேளு."

அப்பா போனில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "ஒரு நிமிஷம் முந்திட்டா. பரவால்ல, என்னைவிட ஆறு நிமிஷம் தேவலை" என்றார்.

அக்கா சிரித்தாள். சிரிப்பு நின்றதும், "டேய்" என்றாள். "அன்னிக்கு மூணு மாசம்னு சொன்னது..."

"நானும்தான் பொணம்னு சொன்னேன். விடுக்கா."

"விட மாட்டேன். மின்பிரிவுக்கு ஒரு ஆள் வேணும். பதினெட்டு பேர்ல அந்த மீட்டரைப் படிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தனும் இல்ல. வெளியில தேடட்டுமா, இல்ல வீட்லயே இருக்கானா?"

சின்னவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். வாசலில் நின்ற ரேடியோ அவனையும், அவன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த கவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அந்தக் கவரைக் கொண்டுவந்து கொடுத்தவரே அவர்தான். எங்கிருந்து வந்தது என்று மேலேயே அச்சடித்திருந்தது.

"தம்பி" என்றார் ரேடியோ, முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி. "தபால் பை அஞ்சு மணிக்குப் போகுது. உங்களுது ஏதாவது இருக்கா?"

அப்பா திரும்பினார். "என்னடா கவர்?"

போனில் அக்கா, "என்னடா, ஆளையே காணோம்?" என்றாள்.

சின்னவன் சுவரைப் பார்த்தான். மணி இரண்டு நாற்பத்தெட்டு. நேற்று வரை இருந்த கடிகாரமாக இருந்தால் இரண்டு ஐம்பத்தைந்து ஆகியிருக்கும். பிறந்ததிலிருந்து அந்த ஊரில் அவனுக்குக் கிடைக்காத ஏழு நிமிடம் இன்று கையில் இருந்தது.

"இருக்கேன்க்கா" என்றான். "இங்கதான் இருக்கேன்."